அஞ்சறைப் பெட்டியும் பாஷ்ஆர்சியும்

அக்கா மகள் போன மாதம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கேரள-தமிழ்நாடு எல்லையில் உள்ள வேலந்தாவளத்தில் என் வீட்டுக்கு வந்தாள். டெர்மினலைத் திறந்தால் மூன்று விநாடி ஒன்றும் வரவில்லை. வந்தபோது கர்சருக்கு முன்னால் கட்டம் கட்டமாக ஏதோ தெரிந்தது, நடுவில் ஒரு கேள்விக்குறி.

"யாரோ நல்லா இருக்குன்னு போட்டிருந்தாங்க மாமா, அப்படியே எடுத்து ஒட்டிட்டேன். இப்போ தொடவே பயமா இருக்குங்."

அவள் படித்தது தமிழ்வழிப் பள்ளி. கேரளத்தில் பள்ளிக் கணினிகளில் பல வருஷமாக லினக்ஸ்தான். 'கைட்' என்ற மாநில நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாக வைத்துத் தயாரிக்கும் லினக்ஸ் அது. ஆகவே லினக்ஸ் அவளுக்குப் புதிதல்ல. ஆனால் அங்கே எல்லாம் மவுஸ். கட்டளை அடிக்கிற கருப்புத் திரை கல்லூரிக்குப் போன பிறகுதான்.

டெர்மினலை நம் கைக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்வது எப்படி என்று அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். கட்டளைகளைக் காதில் விழுகிறபடி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் மூன்று பெயர்களைப் பிரித்துக்கொள்வோம், ஏனென்றால் மூன்றையும் சேர்த்து 'டெர்மினல்' என்றே எல்லோரும் சொல்கிறார்கள். டெர்மினல் என்பது வெறும் ஜன்னல். எழுத்தைக் காட்டும், விசையை உள்ளே அனுப்பும், அவ்வளவுதான். ஒரு காலத்தில் அது திரையும் விசைப்பலகையும் சேர்ந்த தனிப் பெட்டியாகவே இருந்தது. ஜன்னலுக்குள் உட்கார்ந்து நீங்கள் அடித்ததைப் படித்து, இன்னார் வேலை என்று கண்டுபிடித்து, அவரைக் கூப்பிடுகிற ஆள்தான் ஷெல். எடிட்டர் என்பது அப்படிக் கூப்பிடப்படுகிறவர்களில் ஒருவர். கோப்பைத் திறந்து எழுத உதவுகிறவர். எழுத்தின் அளவும் பின்னணி நிறமும் டெர்மினலின் விஷயம். குறுக்குவழியும் பழைய கட்டளைகளின் நினைவும் ஷெல்லின் விஷயம். எதை எங்கே போய் மாற்றுவது என்ற குழப்பம் இதிலேயே பாதி தீர்ந்துவிடும்.

ஷெல்லில் பல உண்டு. லினக்ஸில் பெரும்பாலும் பாஷ். பிரையன் ஃபாக்ஸ் குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்காக எழுதி 1989ல் வெளிவந்தது. மேக் கணினி வைத்திருப்பவர்களுக்கு 2019லிருந்து இசட்ஷெல்தான் வாடிக்கை. பாஷ் தொடங்கும்போது படிக்கும் அமைப்புக் கோப்பை நான் பாஷ்ஆர்சி என்று சொல்லும் இடத்தில் அவர்கள் இசட்எஸ்எச்ஆர்சி என்று படித்துக்கொள்ளலாம். பின்னால் வரும் ஏலியஸ், எக்ஸ்போர்ட் வரிகள் அங்கேயும் அப்படியே ஓடும். கர்சருக்கு முன்னால் தெரியும் ப்ராம்ப்ட்டின் குறியீடும், பழைய கட்டளைகளை நினைவில் வைக்கும் ஹிஸ்டரியின் அமைப்பும் வேறு.

சரி, என்டர் தட்டினதும் என்ன நடக்கிறது? ஷெல் அந்த வரியை இடைவெளிகளில் வெட்டுகிறது. முதல் சொல்தான் கட்டளை. அந்தப் பெயரில் ஏலியஸ், அதாவது செல்லப்பெயர், இருக்கிறதா என்று பார்க்கும். இல்லாவிட்டால் தனக்கே தெரிந்த வேலையா என்று பார்க்கும். அதுவும் இல்லையென்றால் 'பாத்' என்ற பட்டியலில் உள்ள ஃபோல்டர்களை வரிசையாகத் தட்டி, அந்தப் பெயரில் ஒரு நிரல் இருக்கிறதா என்று தேடும். முதலில் எங்கே கிடைக்கிறதோ அதை ஓட்டும். இதை நேரிலேயே பார்க்கலாம். உபுண்டுவில் 'டைப் எல்எஸ்' என்று அடித்துப் பாருங்கள். ஃபோல்டரில் உள்ளதைப் பட்டியலிடும் எல்எஸ் ஏற்கெனவே ஒரு ஏலியஸ், வண்ணத்தோடு காட்டச் சொல்லும் விருப்பத்தைச் சேர்த்து வைத்திருக்கிறது என்று பதில் வரும். நீங்கள் ஒன்றும் செய்யாமலே யாரோ உங்கள் ஷெல்லை ஒருமுறை மாற்றி அமைத்துவிட்டுத்தான் கையில் தந்திருக்கிறார்கள்.

அந்த மாற்றம் எழுதியிருக்கும் இடம்தான் பாஷ்ஆர்சி. உங்கள் ஹோம் ஃபோல்டரில், பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியோடு இருக்கும். புள்ளியில் தொடங்கும் கோப்புகளை எல்எஸ் காட்டாது. சிறுகோடும் 'ஏ'வும் சேர்த்து அடித்தால் காட்டும். இந்த ஒளிந்து விளையாட்டு யாரும் யோசித்து வைத்ததல்ல. லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸின் தொடக்ககாலத்தில், 'இந்த ஃபோல்டர்', 'மேல் ஃபோல்டர்' என்பவற்றைக் குறிக்கும் ஒற்றைப் புள்ளியும் இரட்டைப் புள்ளியும் பட்டியலில் வந்து தொந்தரவு செய்தன. அவற்றை மறைக்க, புள்ளியில் தொடங்கினால் விட்டுவிடு என்று சுருக்கமாக எழுதிவிட்டார்கள். அந்தச் சோம்பலில் பிறந்ததுதான் மறைகோப்பு என்று யூனிக்ஸ் குழுவில் இருந்த ராப் பைக் பின்னாளில் சொன்னார். பெயரின் வாலில் தொங்கும் ஆர்சிக்கு இன்னும் வயது அதிகம். 1960களில் எம்ஐடியின் கணினிக்கு லூயி பூசான் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய 'ரன்காம்' என்ற நிரலின் சுருக்கம் அது. 'ஷெல்' என்ற பெயரை வைத்தவரும் அவரேதான்.

எங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் கடுகு நடுவில் இருக்கும். அக்கா வீட்டில் நடுவில் சீரகம். அக்கா இங்கே வந்து தாளித்தால் பத்து நிமிஷம் கை தடுமாறும். பாஷ்ஆர்சியும் அப்படித்தான், கை பழகிய இடத்தில் சாமான் இருக்க வேண்டும். அடுத்த வீட்டுப் பெட்டியைத் தூக்கிவந்து நம் அடுப்படியில் வைத்தால் கடுகு போட வேண்டிய இடத்தில் வெந்தயம் விழும். பெண்ணுக்கு நடந்தது அதுதான். அவள் ஒட்டியது நானூறு வரிக்கு மேல். அதில் பாதி, அவள் கணினியில் இல்லாத சிறப்பு எழுத்துருவை நம்பி எழுதியது. அதனால்தான் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. மீதி, டெர்மினல் திறக்கும்போதெல்லாம் பத்துப் பதினைந்து ப்ளக்இன்களை ஏற்றுகிற வேலை. மூன்று விநாடி போன வழி அது.

எதையும் அழிக்கவில்லை. அந்தக் கோப்புக்குப் பெயர் மாற்றி ஓரமாக வைத்தேன். உபுண்டு ஒவ்வொரு புதுப் பயனருக்கும் நகல் எடுத்துத் தருகிற அசல் பாஷ்ஆர்சி, ஈடிசிக்குள் ஸ்கெல் என்ற ஃபோல்டரில் எப்போதும் இருக்கும். அதைச் சிபி கட்டளையால் ஹோமுக்கு நகலெடுத்ததும் பழைய முகம் திரும்பி வந்தது. சோதனைக்குப் பயப்பட வேண்டியதில்லை என்று அவளுக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

அந்த அசல் கோப்பே நூறு வரி தாண்டும். அதைத் தொட வேண்டாம், கடைசிக்குப் போய் நம்முடையதை எழுதுவோம் என்றேன். என்ன எழுதுவது? எது எரிச்சலாக இருக்கிறதோ அதை மட்டும். ஒரு எரிச்சலுக்கு ஒரு வரி. எரிச்சல் வராத விஷயத்துக்கு வரி எழுதாதே.

அவளுடைய முதல் எரிச்சல், தினமும் டாக்குமெண்ட்ஸ், அதற்குள் காலேஜ், அதற்குள் செமஸ்டர், அதற்குள் பைத்தான் என்று சிடி அடித்து இறங்குவது. ஏலியஸ் எழுதச் சொன்னேன். ஏலியஸ் என்ற சொல், ஒரு இடைவெளி, வைக்கிற பெயர், சமக்குறி, ஒற்றை மேற்கோளுக்குள் முழுக் கட்டளை. சமக்குறிக்கு இரண்டு பக்கமும் இடைவெளி கூடாது. சொல்லியும் இடைவெளி விட்டாள். பள்ளியில் கணக்கு எழுதிய கை, சமக்குறிக்குப் பக்கத்தில் இடம் விடாமல் இருக்குமா? ஷெல் மூன்று வரி முறைத்தது: பெயர் கிடைக்கவில்லை, சமக்குறி கிடைக்கவில்லை, கட்டளை கிடைக்கவில்லை. மேலே சொன்னதை நினைத்துப் பாருங்கள், ஷெல் இடைவெளியில்தான் வெட்டுகிறது. நடுவில் இடைவெளி வந்ததால் ஒரே சாமானை மூன்று சாமானாகப் பார்த்து, 'இந்த மூன்று பெயரிலும் ஏலியஸ் இல்லையே' என்கிறது. இந்தப் பிழைச் செய்தியைப் புரிந்துகொண்ட அன்றைக்கே ஷெல்லும் பாதி புரிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

பாஷில் ஏலியஸுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். 'பாடம்' என்று வைத்தாள். தமிழில் பாடம் என்று அடித்தால் பைத்தான் ஃபோல்டரில் போய் நிற்கிறது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினாள். இரண்டு நாள் கழித்து அவளே அதை 'பிஒய்' என்று மாற்றிவிட்டாள், ஒவ்வொரு தடவையும் கீபோர்டைத் தமிழுக்கு மாற்றித் திரும்ப மாற்ற வேண்டியிருந்ததால். போதாக்குறைக்குப் பல டெர்மினல்களில் தமிழின் கொம்பும் காலும் இடம் மாறித் தெரியும். எழுத்துக்கு ஒரு கட்டம் என்று கணக்குப் போட்டுப் பழகிய ஜன்னல் அது, ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வந்து நிற்கும் என்பதை எதிர்பார்க்கவில்லை.

வரியைச் சேமித்த பிறகும் பழைய ஜன்னலில் ஏலியஸ் வேலை செய்யாது. ஷெல் பிறக்கும்போது ஒருமுறைதான் பாஷ்ஆர்சியைப் படிக்கும். புது ஜன்னல் திறக்கலாம், அல்லது 'சோர்ஸ்' என்று அடித்துக் கோப்பின் பெயரைக் கொடுத்து மறுபடி படிக்க வைக்கலாம். நான் இரண்டாவதைச் செய்யச் சொல்லிவிட்டு, பழைய ஜன்னல் ஒன்றை மூடாமல் வைத்திருக்கவும் சொல்வேன். காரணம் என் சொந்த அனுபவம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், நான் எழுதிய சில சின்ன நிரல்களை ஒரு ஃபோல்டரில் போட்டு, அந்த ஃபோல்டரைப் பாத்தில் சேர்க்க நினைத்தேன். பாத் பெரிய எழுத்து. பழைய பாத்தை டாலர் குறியோடு எழுதி, முக்காற்புள்ளி வைத்து, புது ஃபோல்டரை ஒட்ட வேண்டும். பழையதை எழுத மறந்துவிட்டேன். பாத் என்றால் இந்த ஒரு ஃபோல்டர் மட்டும் என்று ஆகிவிட்டது. எல்எஸ் இல்லை. நானோ என்ற எடிட்டர் இல்லை. சிபி இல்லை. சிடி மட்டும் ஓடுகிறது, ஏனென்றால் அது ஷெல்லுக்கே தெரிந்த வேலை, வெளியே தேட வேண்டியதில்லை. கணினியே அழிந்துவிட்டது என்று நினைத்து வியர்த்துப் போனேன். பக்கத்து நாற்காலிக்காரர் எட்டிப் பார்த்து, யூஎஸ்ஆர், பின், நானோ என்று சாய்கோடு போட்டு முழு முகவரியை அடித்தார். எடிட்டர் திறந்தது. முகவரியே கையில் இருந்தால் தேடும் பட்டியல் தேவையில்லை அல்லவா. நிரல்கள் ஒன்றும் எங்கும் போகவில்லை, வழி கேட்கிற ஆளுக்குத்தான் ஊர்ப்பெயர் மறந்திருந்தது.

ப்ராம்ப்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அதில்தான் ஆட்கள் நாள்கணக்காக உட்கார்ந்துவிடுகிறார்கள். பிஎஸ்1 என்ற மாறியில், அதாவது ஷெல் ஒரு மதிப்பைப் போட்டுவைக்கும் பெயரில், அது இருக்கிறது. எழுத்து பெரியது. உபுண்டு தருகிற ப்ராம்ப்ட்டில் பின்சாய்கோடும் சின்ன டபிள்யூவும் இருக்கும். முழு ஃபோல்டர் பாதையைக் காட்டும். அதைப் பெரிய டபிள்யூவாக்கினால் கடைசி ஃபோல்டர் பெயர் மட்டும் வரும், அடிக்க இடம் கிடைக்கும். வண்ணம் சேர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வண்ணக் குறியீடுகளைப் பின்சாய்கோட்டோடு கூடிய சதுர அடைப்புக்குள் வைக்காவிட்டால், ஷெல் அவற்றையும் எழுத்தாக எண்ணி வரியின் நீளத்தைத் தப்பாகக் கணக்கிடும். நீளமான கட்டளை அடித்தால் அடுத்த வரிக்குப் போகாமல் அதே வரியின் மேலேயே ஏறி எழுதும்.

பழைய கட்டளைகளின் நினைவு இதைவிடப் பெரிய லாபம். உபுண்டு ஆயிரம் கட்டளைகளை நினைவில் வைக்கும், கோப்பில் இரண்டாயிரம். ஹிஸ்ட்சைஸ், ஹிஸ்ட்ஃபைல்சைஸ் (இரண்டும் பெரிய எழுத்து) என்ற இரண்டு வரிகளில் அந்த எண்களை உயர்த்திவிடுங்கள், இடம் ஒன்றும் பெரிதாகப் பிடிக்காது. பிறகு கன்ட்ரோலும் ஆரும் சேர்த்து அழுத்தி, ஞாபகம் இருக்கும் ஒரு துண்டை அடித்தால் போதும், மூன்று மாதத்துக்கு முன் அடித்தது வந்து நிற்கும். உபுண்டுவின் அசல் அமைப்பில் இன்னொரு வசதியும் இருக்கிறது. கட்டளைக்கு முன்னால் ஒரு இடைவெளி விட்டு அடித்தால் அது நினைவில் ஏறாது. பாஸ்வேர்டு கலந்த கட்டளை அடிக்க நேர்ந்தால் உதவும். அப்புறம், தெரியாமல் கன்ட்ரோல் எஸ் அழுத்தித் திரை உறைந்துவிட்டால் கணினியை அணைக்க வேண்டாம். கன்ட்ரோல் க்யூ போதும்.

இனி எடிட்டர். கோப்பு திறக்க வேண்டிய நிரல்கள் பல, கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் முதலானவை, எந்த எடிட்டரைத் திறப்பது என்று 'எடிட்டர்' என்ற மாறியைப் பார்க்கும். பெரிய எழுத்தில் எழுதி, சமக்குறி போட்டு, நானோ என்றோ விம் என்றோ தர வேண்டும். முன்னால் 'எக்ஸ்போர்ட்' முக்கியம். அது இல்லாவிட்டால் சேதி ஷெல்லோடு நின்றுவிடும், ஷெல் கூப்பிடுகிற ஆட்களுக்குப் போய்ச் சேராது.

தொடங்குகிறவர்களுக்கு நானோ போதும் என்பது என் கட்சி. கீழே இரண்டு வரியில் எல்லாக் கட்டளையும் எழுதியிருக்கும். தொப்பி மாதிரித் தெரிகிற குறிக்குக் கன்ட்ரோல் என்று அர்த்தம். புள்ளியோடு நானோஆர்சி என்று ஒரு கோப்பு எழுதி வரி எண், டேபுக்கு நான்கு இடைவெளி என்று இரண்டு மூன்று வரி போட்டால் பைத்தான் எழுதத் தாராளம். டேபை இடைவெளியாக மாற்றுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பைத்தானில் ஒரே கோப்பில் டேபும் இடைவெளியும் கலந்தால் கண்ணுக்கு நேராகத் தெரியும், ஓடாது.

"எல்லாரும் விம் விம்னு சொல்றாங்களே மாமா" என்றாள். சரி, அதையும் பார்ப்போம் என்றேன். உபுண்டுவில் முழு விம் கூடவே வராது, தனியாக நிறுவ வேண்டும்.

வேலந்தாவளத்துக்குக் கிழக்கே பட்டி என்றால் ஆடு அடைக்கிற இடம். மேற்கே மலையாளத்தில் பட்டி என்றால் நாய். சூலூர்க்காரர் ஒருவர் எங்கள் ஊர்க் கல்யாணத்தில் 'எங்க பட்டியில நாப்பது உருப்படி' என்று பெருமையாகச் சொல்ல, பக்கத்தில் இருந்த சித்தூர்க்காரர் நகர்ந்து உட்கார்ந்தார். ஒரே சொல்தான், எந்தப் பேச்சில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்து அர்த்தம் மாறுகிறது. விம்மில் விசைகள் அப்படி. திறந்ததும் நீங்கள் நிற்பது கட்டளைப் பேச்சில். அங்கே 'டி' என்றால் அழி, 'டபிள்யூ' என்றால் ஒரு சொல். இரண்டையும் அடுத்தடுத்து அடித்தால் ஒரு சொல் அழியும். 'ஐ' அடித்ததும் எழுத்துப் பேச்சுக்கு வந்துவிடுகிறீர்கள், இப்போது டி என்றால் டிதான். எஸ்கேப் அடித்தால் மறுபடி கட்டளைப் பேச்சு. எல்லையில் வளர்ந்த பிள்ளைக்கு இதை இதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. ரேஷன் கடையில் ஒரு பேச்சு, வீட்டில் ஒரு பேச்சு என்று நாளுக்கு இருபது தடவை மாறுகிறவள்.

கட்டளைப் பேச்சுக்கு இலக்கணமும் உண்டு. வினை முதலில், அது எதன் மேல் என்பது பிறகு. 'சி' மாற்று, 'ஐ' உள்ளே, பிறகு ஒரு மேற்கோள்குறி: மேற்கோளுக்குள் இருப்பதை எடுத்துவிட்டுப் புதிதாக எழுத விடும். பத்து வினையும் பத்துப் பெயரும் தெரிந்தால் நூறு வாக்கியம் பேசலாம். அதனால்தான் விம் பழகியவர்கள் வேறு எடிட்டருக்குப் போக மறுக்கிறார்கள்.

நகர்வதற்கு அம்பு விசைக்குப் பதில் எச், ஜே, கே, எல் ஏன் என்று கேட்டாள். பில் ஜாய் 1976ல் விஐயை எழுதியபோது அவர் முன்னால் இருந்த ஏடிஎம்-3ஏ டெர்மினலில் அம்புகள் அந்த நான்கு எழுத்தின் மேல்தான் அச்சிட்டிருந்தன. ஹோம் ஃபோல்டரைக் குறிக்கும் ~ குறியும் அதே பெட்டியில் ஹோம் என்று எழுதிய விசையில் இருந்தது. விஐயின் வாரிசாக பிராம் மூலனார் 1991ல் விம்மை வெளியிட்டு, 2023ல் இறக்கும் வரை பராமரித்தார். கோப்பு தராமல் விம்மைத் திறந்தால் உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவச் சொல்லும் வரி தெரியும். அது அவர் வைத்தது.

விம்முக்கும் புள்ளியோடு விம்ஆர்சி என்று ஒரு கோப்பு உண்டு. முதல் நாள் அதில் நான்கைந்து வரி போதும்: 'செட் நம்பர்' வரி எண்ணுக்கு, 'செட் எக்ஸ்பேண்ட்டேப்' டேபை இடைவெளியாக்க, டேப்ஸ்டாப்பும் ஷிஃப்ட்விட்த்தும் நான்கு. இதைச் சேமித்துத் திறந்தவுடன் வண்ணம் போய்விட்டதே என்று பதறாதீர்கள். உங்களுக்கென்று விம்ஆர்சி இல்லாதபோது விம் தன் சொந்த அமைப்பை ஏற்றிக்கொள்ளும். உங்களுடையது வந்ததும் அதை விட்டுவிடும். 'சின்டாக்ஸ் ஆன்' என்று ஒரு வரி சேர்த்தால் வண்ணம் திரும்பும். வெளியேற வழி தெரியாமல் மாட்டிக்கொண்டால் எஸ்கேப், முக்காற்புள்ளி, க்யூ, ஆச்சரியக்குறி, என்டர்; எழுதியதைச் சேமிக்காமல் விட்டுவிடும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு விம்மில் ஒரு தனிச் சிக்கல். தமிழ்99 கீபோர்டு போட்டபடி எஸ்கேப் அடித்துவிட்டு டி அழுத்தினால் விம்முக்குப் போவது 'உ'. கட்டளைப் பேச்சில் அதற்கு அர்த்தமில்லை, ஒன்றும் நடக்காது. பிள்ளையார் சுழி போட்டபடியே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். எஸ்கேப்புக்குப் பிறகு கீபோர்டை ஆங்கிலத்துக்கு மாற்றும் பழக்கம் வேண்டும். அது வராதவர்கள் தமிழ்க் கட்டுரையை வேறு எடிட்டரில் எழுதட்டும், நானே அப்படித்தான்.

எல்லாம் முடிந்ததும் பாஷ்ஆர்சி, விம்ஆர்சி இரண்டையும் ஒரு ஃபோல்டருக்கு நகர்த்தி, பழைய இடத்தில் அவற்றுக்கு இணைப்பு மட்டும் வைத்து, அந்த ஃபோல்டரை கிட்டில் போட்டுவைத்தோம். எந்த வரி எந்த நாள் வந்தது, எதை நீக்கினோம் என்பதெல்லாம் அதில் இருக்கும். இந்தக் கோப்புகளுக்குள் பாஸ்வேர்டோ ரகசியச் சாவியோ எழுதக் கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன். பொதுவில் போட்ட பிறகு அழித்தாலும் கிட்டின் பழைய பதிவில் அது அப்படியே கிடக்கும்.

இதெல்லாம் ஹோம் ஃபோல்டருக்குள் நடக்கிற காரியம் என்பதால் நிர்வாகி அனுமதி எதற்கும் வேண்டியதில்லை. அவளுடைய கல்லூரி லேப்பும் லினக்ஸ்தான். திங்கட்கிழமை அங்கே கிட்டிலிருந்து இறக்கி இணைப்பு கொடுத்திருக்கிறாள். பதினோரு வரிதான். சாயங்காலம் போன் வந்தது.

"பக்கத்து சீட்டுப் பையன் என் ஃபைலை அப்படியே கேக்கறான் மாமா. குடுக்கட்டுங்களா?"

"நீ என்ன சொன்ன கண்ணு?"

"உனக்கு எது எரிச்சலா இருக்குன்னு மொதல்ல சொல்லுன்னேன். யோசிச்சுட்டு வரேன்னு போயிருக்கான்."